'திடீரென்று' என்ற சொல்

நம்முடைய கதாசிரியர்களுக்கு மிகவும் பிடித்த சொற்களில் ஒன்று 'திடீரென்று'. திடீரென்று கதவு திறக்கும். திடீரென்று மழை கொட்டும். திடீரென்று பழைய காதலி ரயிலில் எதிர் ஆசனத்தில் வந்து உட்காருவாள். இதையெல்லாம் மன்னித்துவிடலாம். பத்திரிகை கொடுக்கிற நாலு பக்கத்துக்குள் உலகத்தை அடக்கவேண்டிய மனுஷர் வேறு என்னதான் செய்வார்? ஆனால் ஒரு மனிதனுக்குத் திடீரென்று சித்தம் கலங்கிவிட்டது என்று அவர் எழுதும்போது மட்டும், அவரோடு சற்று உட்கார்ந்து பேசவேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்தக் கதையை வாசகர்கள் பலமுறை படித்திருப்பார்கள். வீடு ஜப்தியாகிறது, அல்லது தாலி கட்டும் நேரத்தில் கல்யாணம் நின்றுபோகிறது, அல்லது பிள்ளை லாரியில் அடிபட்டுவிட்டதாகச் செய்தி வருகிறது. கதாநாயகன் ஒரு கணம் வெறிக்கப் பார்க்கிறான். பிறகு சிரிக்கிறான். சிரித்துக்கொண்டே தெருவில் இறங்கி ஓடுகிறான். கதை முடிந்தது. கடைசி வரியில் மூன்று புள்ளிகளும் ஓர் ஆச்சரியக்குறியும் நின்று நம்மைப் பார்த்துப் பல்லை இளிக்கின்றன.

சினிமாவுக்கு இதைவிடச் சௌகரியம் அதிகம். கண்ணாடியை உடைக்கலாம், தலைமயிரைக் கலைத்துவிடலாம், வாத்தியங்களை அலற வைக்கலாம். 1970இல் வந்த 'எங்கிருந்தோ வந்தாள்' படத்தில் காதலியைப் பறிகொடுத்து புத்தி பேதலித்த இளைஞனைக் கண்டு தமிழ்நாடு கண்ணீர் விட்டது. அழுது முடித்து வெளியே வந்த அதே ஜனங்கள் மறுநாள் காரியாலயத்தில், யாராவது கணக்கைத் தப்பாகக் கூட்டினால், "ஐயாவைக் கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்ப வேண்டியதுதான்" என்று சிரித்திருப்பார்கள். 1871 முதல் கீழ்ப்பாக்கத்தில் இருந்துவரும் அந்த ஆஸ்பத்திரி நமக்கு ஒரு வைத்திய ஸ்தலமாக மனசில் பதிந்ததைவிட ஒரு ஹாஸ்யத் துணுக்காகப் பதிந்ததுதான் அதிகம். அழுகையும் சிரிப்பும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன. இரண்டுக்கும் அந்த மனிதனை அருகில் போய்ப் பார்க்கவேண்டிய சிரமம் கிடையாது.

'திடீரென்று' என்பது யாருடைய சொல் என்று முதலில் விசாரிக்கவேண்டும். அனுபவித்தவனுடைய சொல் அல்ல அது. தெருத் திண்ணையில் உட்கார்ந்திருந்தவனுடைய சொல்.

ருஷ்ய ஆசிரியர் செகாவ் வைத்தியத் தொழில் பார்த்தவர். 1892இல் அவர் எழுதிய 'ஆறாம் நம்பர் வார்டு' என்ற நீண்ட கதையில் கிரோமோவ் என்றொருவன் வருகிறான். அவன் ஒரு நாள் தலையில் தொப்பியில்லாமல், மேல்கோட்டும் இல்லாமல், தெருவில் தலைதெறிக்க ஓடுகிறான். நாய்கள் குரைத்துக்கொண்டு துரத்துகின்றன. நம்முடைய கதாசிரியர் எழுதியிருந்தால் இதுதான் கதை. இந்த ஓட்டத்தோடு முடித்திருப்பார். செகாவ் இதற்கு முன்னால் என்னென்ன வைத்திருக்கிறார் என்று பாருங்கள். அவனுடைய அண்ணன் காச நோயில் இறக்கிறான். தகப்பனார் மோசடிக் குற்றத்துக்காகச் சிறைக்குப் போய் அங்கேயே ஜுரத்தில் சாகிறார். வீடு ஏலம் போகிறது, படிப்பு நிற்கிறது. சொந்த ஊருக்குத் திரும்பிச் சில்லறை உத்தியோகம் பார்க்கிறான். வருஷங்கள் ஓடுகின்றன. பிறகு ஓர் இலையுதிர் காலத்துக் காலையில், விலங்கு பூட்டிய இரண்டு கைதிகளைச் சிப்பாய்கள் நடத்திக்கொண்டு போவதை அவன் தெருவில் பார்க்கிறான். எத்தனையோ தடவை பார்த்த காட்சிதான். அன்றைக்கு மட்டும், தன்னையும் இப்படிக் கொண்டுபோகக்கூடும் என்று தோன்றிவிடுகிறது. அன்று சாயங்காலம் விளக்கேற்றவில்லை. இரவு தூக்கம் வரவில்லை. பனி உருகும் காலத்தில் ஊருக்கு வெளியே ஓடைப்பள்ளத்தில் இரண்டு பிரேதங்கள் கிடைக்கின்றன. தன்மேல் சந்தேகம் வந்துவிடக்கூடாதே என்று அவன் தெருவில் சிரித்த முகத்தோடு நடக்கிறான். கடைசியில் ஒரு நாள் வீட்டுக்காரியின் அடுப்பைப் பழுதுபார்க்கக் கொத்தர்கள் வருகிறார்கள். அவர்கள் அடுப்புக்காகத்தான் வந்திருக்கிறார்கள் என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் மாறுவேஷம் போட்ட போலீஸ்காரர்கள் என்று பயம் சொல்கிறது. அப்போதுதான் ஓடுகிறான்.

தெருவில் நின்றவனுக்கு அது திடீர் ஓட்டம். கிரோமோவுக்கோ அது மாசக்கணக்கில் நடந்து வந்து சேர்ந்த இடம். செகாவின் மேதை அந்த அடுப்புக் கொத்தர்களில் இருக்கிறது. பெரிய விபத்து எதுவும் அன்றைக்கு நடக்கவில்லை. அண்ணன் செத்தபோதும் வீடு போனபோதும் தாங்கிய மனசு, அடுப்பு பழுதுபார்க்க ஆள் வந்தபோது முறிகிறது. பாரம் ஏற்றிய வண்டியில் அச்சு முறிவது எப்போதும் மேட்டில்தான் என்று யார் சொன்னது? சமதரையில், ஒரு சின்னக் கல்லில் ஏறி இறங்கும்போது முறியும்.

ருஷ்யாவை விட்டு நம் பக்கம் வருவோம். விழுப்புரத்தில் ஒரு மணிலா மண்டி. அதில் கணக்கு எழுதுகிறவர் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இவர் என் கற்பனையில் பிறந்தவர். ஆனால் இந்த மாதிரி ஒருவரைத் தெரியாத தெரு தமிழ்நாட்டில் குறைவு. நாற்பத்திரண்டு வயது. பெரிய பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறார். மாசாமாசம் சீட்டுக் கட்டி வந்தார். சீட்டு நடத்தியவன் ஒரு நாள் ஊரில் இல்லை. இதே சமயத்தில் மண்டிக் கணக்கில் ஒரு தொகை உதைக்கிறது. முதலாளி எதுவும் கேட்கவில்லை. அவர் கேட்காததுதான் இவருக்குத் தாளவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மூட்டைகள் வந்து இறங்குகிற நேரத்தில், இவர் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, எடை போடுகிற ஆட்களைத் திருடர்கள் என்று கத்துகிறார். தெருவோடு போய் ரயில் நிலையத்துப் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து வாய்விட்டு எண்களைக் கூட்ட ஆரம்பிக்கிறார். பத்திரிகைக் கதை இங்கே தொடங்கி இங்கேயே முடியும். அக்கம்பக்கத்தார், "நேத்து வரைக்கும் நல்லாத்தாங்க இருந்தாரு" என்பார்கள்.

அவருடைய சம்சாரத்தைக் கேட்டுப் பாருங்கள். அவள் 'திடீரென்று' என்று சொல்லமாட்டாள். மாசியிலிருந்தே ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்துகொள்வார் என்பாள். ரசத்தில் உப்பில்லாவிட்டால் சொல்கிற மனுஷர், உப்பில்லாததைக்கூடக் கவனிக்காமல் சாப்பிட்டார் என்பாள். சனிக்கிழமை எண்ணெய் ஸ்நானத்தை விட்டார். எதிர்வீட்டு ஜன்னல் திறந்திருந்தால் நம் வீட்டு ஜன்னலைச் சாத்தினார். ஒரே பக்கத்தை ஏழு தடவை கூட்டினார். கடைசி நான்கு ராத்திரி கண்ணையே மூடவில்லை. "என்னங்க, படுக்கலையா?" என்று கேட்டதற்கு, "நீயும் அவங்களோட சேர்ந்துட்டியா?" என்றார். அவள் தன் அண்ணனுக்குச் சொல்லியனுப்பினாள். "கழிப்புக் கழி, சரியாப் போயிடும்" என்று அவன் பதில் சொன்னான். ஊர் கண்டது ஒரே செவ்வாய்க்கிழமையை. அவள் கண்டது மூன்று மாசம்.

நாவலாசிரியன் திண்ணையில் உட்கார்ந்தவனிடம் கேட்டு எழுதுவதா, சமையலறையில் நின்றவளிடம் கேட்டு எழுதுவதா? நம்மில் பெரும்பாலோர் திண்ணையிலேயே கேட்டுக்கொண்டு போய்விடுகிறோம் என்பதுதான் என் குற்றச்சாட்டு.

எல்லோரும் அப்படியல்ல. கு. ப. ராஜகோபாலனின் 'விடியுமா?' என்ற கதையை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னை ஆஸ்பத்திரியில் புருஷன் அபாய நிலையில் இருப்பதாக ஒரு தந்தி. விவரம் எதுவுமில்லை. தமக்கையும் தம்பியும் கும்பகோணத்துப் பக்கத்திலிருந்து இரவு ரயிலில் கிளம்புகிறார்கள். கதை முழுவதும் அந்த ஒரே இரவு. அந்த ரயில் பாதையை அறிந்தவர்களுக்குத் தெரியும்: பின்னிரவில் விழுப்புரம் வரும், பிறகு முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் என்று சின்னச் சின்ன ஸ்டேஷன்களைத் தாண்டித் திண்டிவனம். பகலில் போனால் ஏரிகளும் கரும்பும் தெரிகிற இந்த ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர், இராத்திரியில் இருட்டைத் தவிர ஒன்றையும் காட்டாது. இருப்பாரா, போய்விட்டாரா என்று மனசு ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஓடிக்கொண்டே இருக்கும் இரவு அது. நம்பிக்கை வரும், உடனே நம்பியதற்காகப் பயம் வரும். சாதாரணப் பேச்சு எழும். பேசிவிட்டோமே என்று நெஞ்சு குத்தும்.

விடிந்ததும் மரணச் செய்தி கிடைக்கிறது. அலறலை எதிர்பார்த்துப் பக்கத்தைப் புரட்டுகிறவனுக்கு ஏமாற்றம். கு. ப. ரா. அங்கே ஒரு விநோதமான தெளிவைக் காட்டுகிறார். சந்தேகம் போயிற்று, துக்கம் நிச்சயமாயிற்று, நிச்சயமான துக்கத்தின்மேல் கால் ஊன்றி நிற்க முடிகிறது. மனசு எதில் முறிகிறது என்பதைப் பற்றி இதைவிடச் சுருக்கமாகத் தமிழில் யாரும் சொன்னதாக எனக்கு நினைவில்லை. இடி விழுந்த கணத்தைவிட, இடி விழுமா விழுமா என்று காத்திருக்கிற இரவுதான் மனிதனைத் தின்கிறது. நம் மணிலா மண்டிக் கணக்கருக்கும் அதுவேதான் நடந்தது. முதலாளி ஒரு நாள் கூப்பிட்டு நன்றாகத் திட்டியிருந்தால் அவர் பிழைத்திருக்கலாம்.

அதே ரயில் பாதையில் திண்டிவனத்தில் இறங்கினால் இன்னொருவர் நினைவுக்கு வருகிறார். தம் பெயரிலேயே பித்தனை வைத்துக்கொண்டவர். 1906இல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்த புதுமைப்பித்தன், தகப்பனாரின் உத்தியோகம் காரணமாகச் சிறுபிராயத்தைச் செஞ்சி, திண்டிவனம், கள்ளக்குறிச்சி என்று இந்தச் சீமையில்தான் கழித்தார். பிறகு திருநெல்வேலி அவரை எடுத்துக்கொண்டது. நாமும் அவரைத் திருநெல்வேலிக்காரராகவே நினைக்கிறோம்.

அவருடைய 'சாபவிமோசனம்' 1943இல் வெளிவந்தது. அகலிகை மறுபடியும் கல்லாகிற கதை. இதை ராமாயணத்துக்கு ஒரு குறும்பு என்றும், பெண்ணுரிமை வாதம் என்றும் பலர் பேசியிருக்கிறார்கள். நான் வேறொரு காரணத்துக்காக அதைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். நெருக்கடியில் ஒரு மனசு எப்படிப் படிப்படியாக இறுகிக் கடைசியில் நின்றுபோகிறது என்பதற்கு, தமிழில் எழுதப்பட்ட மிகச் சரியான நோய்க்குறிப்பு அது.

சாபம் நீங்கிய அகலிகை சுகமாக இல்லை. மற்றவர்கள் சாதாரணமாகப் பேசுகிற வார்த்தைகளிலும் உள்ளர்த்தம் இருக்குமோ என்று பயப்படுகிறாள். கட்டின புருஷனிடம்கூட ஒரு வாக்கியத்தை ஆயிரம் தடவை யோசித்து, சொற்களைப் பொறுக்கி எடுத்துப் பேசுகிறாள். எதிரே வருகிற ஆண்கள் எல்லாம் இந்திரனாகத் தெரிகிறார்கள். ரிஷிபத்தினிகளின் ஒதுக்கம் வேறு. இத்தனைக்கும் நடுவில் அவளுக்கு ஒரே ஓர் ஊன்றுகோல்: தன்னை மீட்ட ராமனிடத்தில் வைத்த நம்பிக்கை. வருஷங்கள் கழித்து சீதை வந்து அக்கினிப் பிரவேசத்தைப் பற்றிச் சொல்லும்போது அந்த ஊன்றுகோல் முறிகிறது. அடுத்தாற்போல் கௌதமன் அன்போடு நெருங்க, அவளுக்கு அது இந்திரனாகத் தோன்றுகிறது. மனசு கல்லாகிறது, உடம்பும் கல்லாகிறது.

உள்ளர்த்தம் தேடுவது, சொல்லை அஞ்சுவது, எல்லா முகங்களிலும் ஒரே முகத்தைக் காண்பது, கடைசியில் அசைவற்றுப் போவது. மனநோய் வைத்தியரிடம் இந்த வரிசையைக் காட்டினால், பழக்கமான படிகள்தாம் என்று தலையை அசைப்பார். அசையாமல், பேசாமல், வைத்த கை வைத்தபடி நின்றுவிடுகிற நோயாளிகளை அவர் பார்த்திருக்கிறார். புராணம் 'கல்லானாள்' என்ற ஒரே சொல்லில் தாண்டிய இடத்தில், புதுமைப்பித்தன் படிக்கட்டைக் கட்டிக் காட்டிவிட்டார். இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. அவள் கல்லானதும் கௌதமன் துறவியாகிக் கைலாசத்தின் திசையில் நடந்துபோகிறான். நோயாளியைப் போட்டுவிட்டு வீட்டார் போய்விடுகிற காட்சி இது. அதைத் துறவு என்று சொல்லிக்கொள்வதும் நமக்குப் பழக்கம்தான்.

இவ்வளவும் சொன்ன பிறகு எதிர்க்கட்சிக்கும் நியாயம் செய்யவேண்டும். 'திடீர்' என்பது முழுப் பொய்யா? இல்லை. சிலருக்கு இரண்டு வாரத்துக்குள், சிலருக்கு இரண்டே நாளில், புத்தி அடையாளம் தெரியாமல் மாறிவிடுவது உண்டு. உலக சுகாதார ஸ்தாபனம் 1992இல் வெளியிட்ட வியாதிகளின் பட்டியலில் இதற்கென்று ஒரு தனி இடம் உண்டு: சட்டென்று தோன்றி, சில நாளிலோ சில மாசங்களிலோ விலகிவிடுகிற சித்தக் கலக்கம். இரண்டு வாரங்களுக்கு முன் ஏதாவது பெரிய அதிர்ச்சி நேர்ந்திருந்தால் அதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளச் சொல்கிறது. இந்த வகைக்கு உலகத்தின் கவனத்தைத் திருப்பியவர்களில் சண்டிகரில் பணியாற்றிய என். என். விக் முதலான இந்திய வைத்தியர்களுக்கு முக்கியமான பங்குண்டு. ஆக்ராவும் சண்டிகரும் உள்பட பத்துத் தேசங்களில் அந்த ஸ்தாபனம் நடத்திய ஆராய்ச்சியில், இப்படிச் சடக்கென்று தொடங்குகிற கலக்கம் மேல்நாடுகளைவிட நம்மைப் போன்ற நாடுகளில் அதிகம் என்று தெரியவந்தது.

கதாசிரியர்கள் கவனிக்கவேண்டிய விஷயம் இனிமேல்தான் இருக்கிறது. சடக்கென்று வந்தது பெரும்பாலும் திரும்பிப் போகும். மெள்ள மெள்ள வருஷக்கணக்கில் படர்ந்து வருகிற கலக்கத்தைவிட, புயல்போல் வந்ததற்குத்தான் குணமாகும் வாய்ப்பு அதிகம். எல்லோருக்கும் அல்ல, சிலருக்கு மறுபடி வரும், சிலருக்கு நீண்ட வியாதியின் முதல் அத்தியாயமாக அமையும். சிலரிடத்தில் மூளைக் காய்ச்சலோ, குடியைச் சட்டென்று நிறுத்தியதோ, பிரசவமோ இதே வேஷத்தில் வரும். அதனால்தான் முதல் வாரத்திலேயே வைத்தியர் பார்க்கவேண்டும் என்கிறார்கள். ஆனாலும் மண்டிக் கணக்கர் இரண்டு மாசத்தில் சட்டையைப் போட்டுக்கொண்டு, பேனாவை எடுத்துக்கொண்டு, அதே மண்டிக்குப் போய் உட்காருவது நடக்கக்கூடிய காரியம். அவர் சிரித்துக்கொண்டு ஓடிய இடத்தில் கதையை முடிக்கிற ஆசிரியர், அவருக்கு எது மிகவும் சாத்தியமோ அதையே மறுத்துவிடுகிறார். போன வழியையும் எழுதவில்லை. திரும்பிவரும் வழியையும் அடைத்துவிட்டார். தப்பு இரட்டைத் தப்பு.

திரும்பிவரும் வழியையும், திரும்பாமலே வாழ்கிற வழியையும் எழுதியவர்கள் நம்மிடையே மிகச் சிலர். எம். வி. வெங்கட்ராமின் 'காதுகள்' 1992இல் வெளிவந்து, மறு வருஷம் சாகித்ய அகாதெமி பரிசு பெற்றது. காதுக்குள் ஆபாசமும் மிரட்டலுமாக இடைவிடாமல் ஒலிக்கும் குரல்களோடு, வறுமையோடு, பெண்டாட்டி பிள்ளைகளோடு, முருகனைப் பற்றிக்கொண்டு வருஷங்களைத் தள்ளுகிற மகாலிங்கத்தின் கதை. ஆசிரியரின் சொந்த அனுபவத்தில் பிறந்தது. அங்கே திரை விழுவதற்கு வசதியான இடமே கிடையாது. குரல்கள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அரிசி வாங்கவேண்டும். கோபிகிருஷ்ணனின் 'உள்ளேயிருந்து சில குரல்கள்' மனநோய் ஆஸ்பத்திரிக்குள் போய், அங்கே இருப்பவர்கள் பேசுவதை இரக்கப் பாவனையோ அலங்காரமோ இல்லாமல் எழுதிவைத்த புத்தகம். அதைப் படிக்கும்போது சிரிப்பு வருகிறது. ஆனால் 'கீழ்ப்பாக்கம்' என்று சொல்லிச் சிரிக்கிற சிரிப்பு இல்லை அது. பேசுகிறவர்களோடு சேர்ந்து சிரிக்கிறோம்.

படிப்பாளிகளின் புத்தகங்களுக்கு இந்தக் கதி என்றால், பாமர ஜனங்களின் கதை எப்படி இருக்கிறது? விழுப்புரம் ஜில்லாவுக்குப் 'பித்து' என்ற சொல் புதிதல்ல. கல்யாணத்தை நிறுத்தவந்த கிழவரைப் பித்தன் என்று வைத சுந்தரர், அந்த வசவையே முதல் சொல்லாக வைத்துப் பதிகம் பாடியது திருவெண்ணெய்நல்லூரில். செஞ்சிக்கு அப்பால் மேல்மலையனூரில் அங்காளம்மன் கோயில் இருக்கிறது. அமாவாசை ராத்திரி ஊஞ்சல் உற்சவத்துக்கு ஜனங்கள் ஆயிரக்கணக்கில் வருகிறார்கள். புத்தி கலங்கினவர்களையும் பேய் பிடித்ததாக நம்பப்படுகிறவர்களையும் அழைத்துவருகிறார்கள். அந்தக் கோயிலின் கதை என்ன? சிவன் பிரம்மாவின் ஐந்தாவது தலையைக் கிள்ளி எறிகிறான். கொலைப் பாபம் பிடிக்கிறது. அந்தக் கபாலம் கையில் ஒட்டிக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. போடுகிற பிச்சையையெல்லாம் கபாலமே தின்றுவிட, ஈசன் பசியோடு பித்தனாகச் சுடுகாடு சுடுகாடாய் அலைகிறான். கடைசியில் மலையனூரில் அம்மன் சோற்றைக் கீழே இறைக்கிறாள். கபாலம் சோற்றுக்காகக் கையை விட்டு இறங்குகிறது. அவள் அதை மிதித்துக்கொள்கிறாள். அவன் தெளிகிறான்.

இதைக் கதையாக மட்டும் பார்த்தால்கூட, பத்திரிகைக் கதைகளில் இல்லாத நான்கு அங்கங்களும் இதில் இருக்கின்றன. காரணம் இருக்கிறது, கையை விட்டுப் போகாத நினைவு எப்படியிருக்கும் என்பதற்கு ஓர் உருவம் இருக்கிறது, அலைச்சல் இருக்கிறது, மீள்வது இருக்கிறது. மீட்கிறவள் வீட்டுக்காரி என்பதும், அவள் கையில் இருக்கிற ஆயுதம் சோறு என்பதும் இன்னும் விசேஷம். கோயிலுக்குப் போகிறவர்களைக் கேலி செய்கிற படிப்பாளி, அவர்கள் கேட்டு வளர்ந்த கதை நம் கதைகளைவிட நோயை நன்றாக அறிந்திருக்கிறது என்பதைக் கவனிப்பதில்லை. வைத்தியரிடம் போகவேண்டாம் என்று அந்தக் கதை சொல்லவுமில்லை.

கேவலம் கதைக்காக இவ்வளவு பிரசங்கமா என்று வாசகர்கள் கேட்கலாம். கதை, படிக்கிறவர்களோடு நின்றுவிடுவதில்லை. வீட்டில் ஒருவருக்குச் சித்தம் கலங்கும்போது, குடும்பத்தார் கைக்கு முதலில் அகப்படுவது வைத்திய சாஸ்திரமல்ல. எப்போதோ படித்த கதையும் பார்த்த படமும்தான். "போச்சு, எல்லாம் முடிஞ்சுது" என்று சொல்ல அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது யார்? முடிந்துபோனவர்களை வைப்பதற்கு இடங்கள் எப்போதும் காத்திருக்கின்றன. 2001 ஆகஸ்டு 6ஆம் தேதி விடியற்காலையில் ஏர்வாடியில் ஒரு கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் மாண்டார்கள். அவர்கள் அத்தனை பேரையும் யாரோ வீட்டார்தாம் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். சங்கிலி போடுவதை 2017ஆம் வருஷத்து மனநலச் சட்டம் வெளிப்படையாகத் தடை செய்கிறது. ஆனாலும் 2023 பிப்ரவரியில், விழுப்புரத்துக்கு அருகே குண்டலப்புலியூரில் அனுமதியில்லாமல் நடந்துவந்த ஓர் ஆசிரமத்திலிருந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்களை அதிகாரிகள் மீட்டார்கள். காணாமற்போன ஓர் உறவினரைத் தேடிக் குடும்பத்தார் ஹைகோர்ட்டுக்குப் போன பிறகுதான் அந்தக் கதவு திறந்தது. உள்ளே நடந்ததாகச் சொல்லப்பட்ட கொடுமைகளை விசாரிப்பது நீதிமன்றத்தின் வேலை. அங்கே இருந்தவர்களில் எத்தனை பேரை 'இனி இவன் அவ்வளவுதான்' என்ற வாக்கியத்தோடு கொண்டுவந்து விட்டிருப்பார்கள் என்று யோசிப்பது நம்முடைய வேலை. அந்த வாக்கியத்தை அச்சுப் போட்டுப் பரப்பியதில் நம் இலக்கியத்துக்கும் ஒரு பங்கு உண்டு.

வேறு இடம் இல்லை என்று இனிமேல் சொல்வதற்கில்லை. கு. ப. ரா.வின் இராத்திரி ரயில் இருட்டில் தாண்டிப்போன முண்டியம்பாக்கத்தில், 2010 முதல் அரசாங்க மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. கணக்கரின் சம்சாரம் அவரை அழைத்துக்கொண்டு விழுப்புரத்திலிருந்து டவுன் பஸ்ஸில் போய்விடலாம். போவதற்கு அவளுக்கு வேண்டியது பஸ் சார்ஜ் மட்டுமல்ல. இவர் திரும்பி வருவார் என்கிற எண்ணம் வேண்டும். அந்த எண்ணத்தை வைத்தியர் கொடுக்கலாம்; ஆனால் வைத்தியரிடம் போகிறவரைக்கும் அது எங்கிருந்து வரும்? படித்த கதையிலிருந்து வந்தால் என்ன?

ஆகவே நம் கதாசிரியர்களிடம் என் வேண்டுகோள் சாதாரணமானது. நோயாளியைப் பற்றி நல்லதாகவே எழுதுங்கள் என்று நான் கேட்கவில்லை. சுபமாக முடியுங்கள் என்றும் கேட்கவில்லை. புதுமைப்பித்தன் சுபமாக முடிக்கவில்லை, செகாவும் முடிக்கவில்லை. 'திடீரென்று' என்று பேனா எழுதப்போகும்போது ஒரு நிமிஷம் நிறுத்தி, அந்த வீட்டுச் சமையலறைக்குப் போய், முந்திய மூன்று மாசம் என்ன நடந்தது என்று கேட்டுக்கொண்டு வாருங்கள். பிறகு, ஓடியவன் ஓடிய பின்பு அவனைப் பிடித்துவந்து உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தது யார், மாத்திரையைச் சோற்றில் பிசைந்து கொடுத்தாளா, கையில் கொடுத்தாளா, குணமாகி மண்டிக்குப் போன முதல் நாள் எடை போடுகிற ஆட்கள் அவர் முகத்தைப் பார்த்துப் பேசினார்களா, முதலாளி கணக்குப் புஸ்தகத்தைத் திரும்ப அவர் கையில் கொடுத்தாரா என்பதையும் எழுதுங்கள். அந்தக் கணக்குப் புஸ்தகத்தை நீட்டுகிற காட்சிக்கு ஒரு நல்ல எழுத்தாளன் வேண்டும். சிரித்துக்கொண்டு ஓடுகிறவனை எழுத யார் வேண்டுமானாலும் போதும்.